பிள்ளையின் சூத்தைப் பல்லுக்கும் அம்மாவின் மனசுக்கும் என்ன சம்பந்தம்?

வாசகர் கேள்வி – 2025 ஜனவரி 12

என் மனைவி இலங்கை மலைநாட்டில் தலவாக்கலைப் பக்கம் முன்பள்ளி டீச்சர். அவருடைய வகுப்பில் நிறையப் பிள்ளைகளுக்கு மேல் முன்பல் கறுத்து, அடிக்கட்டை மட்டும்தான் நிற்கிறது. இது அம்மாமாரின் கவனயீனம், வேறொன்றும் இல்லை என்பது என் கருத்து. காலையில் ரெண்டு நிமிஷம் பல் தேய்த்துவிட முடியாதா? மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. சில அம்மாமாருக்கு மனசே சரியில்லை, அதுதான் பிள்ளையின் வாயில் தெரிகிறது என்கிறார். மனசுக்கும் பல்லுக்கும் என்னங்க சம்பந்தம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 12, இரவு

உங்கள் மனைவி பார்த்தது சரி. நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், அதாவது அம்மாமார் வேலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப்போகிற இடத்தில், பல வருஷம் வேலை செய்தவள். தூக்கிக் கொஞ்சிய பிள்ளைகளின் வாயை மட்டுமில்லை, அவர்களை விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்கு ஓடிய அம்மாமாரின் முகத்தையும் தினமும் பார்த்தேன். நேரம் கிடைக்கும்போது துண்டு துண்டாக எழுதுகிறேன்.

ஜனவரி 13

முதலில் பல்லை முடித்துவிடுகிறேன்.

வாயில் கிருமி எப்போதும் உண்டு. சீனி கிடைத்தால் அது அமிலம் விடும், அந்த அமிலம் பல்லின் மேல்பூச்சிலிருந்து சத்தைக் கரைக்கும். எச்சில் ஊறி அமிலத்தைத் தணித்து, கரைந்துபோன சத்தைக் கொஞ்சங்கொஞ்சமாகத் திருப்பி வைக்கும். சாப்பாட்டுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் வாய் சும்மா இருந்தால் எச்சில் ஜெயிக்கும். அரைமணிக்கொருதரம் பிஸ்கட், இனிப்புத் தேத்தண்ணி, டொபி என்று போய்க்கொண்டிருந்தால் அமிலம்தான் ஜெயிக்கும். எவ்வளவு சீனி என்பதைவிட எத்தனை தடவை என்பது பல்லுக்குப் பெரிய கணக்கு. தூங்கும்போது எச்சில் ஊறுவது ரொம்பவும் குறைந்துவிடும், அதனால் இரவுப் போத்தல் பகல் போத்தலைவிட மோசம்.

கைப்பிள்ளையின் மேலுதட்டை விரலால் மெல்லத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டி, சோக்கட்டியால் இழுத்தது போல ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் ஆரம்பம். அப்போதே பிடித்தால் பல்லை இறுக்குகிற புளோரைட் மருந்தைப் பூசி நிறுத்தலாம், பல் திரும்பவும் இறுகும். விட்டால் கோடு மஞ்சளாகி, மண்ணிறமாகி, ஓரம் பொரிந்து, கடைசியில் உங்கள் மனைவி பார்க்கிற அடிக்கட்டையில் வந்து நிற்கும். கீழ் முன்பல் நாலும் பெரும்பாலும் தப்பிவிடும். பிள்ளை உறிஞ்சும்போது நாக்கு அவற்றை மூடிக்கொள்கிறது, எச்சிலும் அங்கேதான் வந்து ஊறுகிறது. அதனால் மேல்பல் கறுத்துக் கீழ்ப்பல் வெள்ளையாக இருக்கிற பிள்ளையைக் கண்டால், இது போத்தலோடு தூங்குகிற பிள்ளை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

சரி, போத்தலோடு ஏன் தூங்குகிறது? அங்கேதான் அம்மா வருகிறார்.

வரிசையாக ஒட்டிக் கட்டிய தோட்டத்து லயக்காம்பராவில் சுவர் ஒன்றுதான், அந்தப் பக்கம் வேறு குடும்பம். இரவில் பிள்ளை அழுதால் வரிசை முழுக்கக் கேட்கும். புருஷன் விடிய வேலைக்குப் போக வேண்டும், மாமனார் இருமுகிறார், பக்கத்துக் காம்பராவில் ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிறது. மனசு தெளிவாக இருக்கிற அம்மா பிள்ளையைத் தோளில் போட்டு நடந்து, தட்டி, பாட்டுப்பாடித் தூங்க வைப்பாள். மனசு சோர்ந்து கிடக்கிறவளுக்கு அந்த அழுகை தாங்காது. உடம்புக்குள்ளே எதுவோ பதறும். உடனே அழுகையை நிறுத்துகிற ஒரே பொருள் அந்தப் போத்தல். அதில் பால்மா கரைத்திருக்கும், பால்மா வாங்க முடியாத வாரத்தில் சீனி போட்ட சாயத்தண்ணி, அதாவது பால் விடாத தேத்தண்ணி இருக்கும். பிள்ளை அமைதியாகிவிடும். மறுநாளும் அதேதான் நடக்கும்.

ஜனவரி 13, கொஞ்சம் பிந்தி

“ரெண்டு நிமிஷம்” என்று எழுதியிருந்தீர்கள், அதை விட்டுவிட்டேன். தோட்டத்தில் வேலை செய்கிற அம்மாவின் காலை எப்படிப் போகும் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். இருட்டோடு எழும்பி அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, பெரிய பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்தி, சின்னதைத் துவாயில் சுற்றித் தூக்கிக்கொண்டு வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டு நேரத்துக்கு முன்னே எங்களிடம் கொண்டுவந்து விட வேண்டும். பனிக்காலத்தில் மலை ஊற்றிலிருந்து குழாயில் விழுகிற பீலித் தண்ணி கையில் பட்டால் விரல் விறைக்கும். அந்தத் தண்ணியில் பல் தேய்க்கச் சொன்னால் எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்? ஏற்கெனவே பல்லில் ஓட்டை விழுந்திருந்தால் குளிர்தண்ணி பட்டதும் சுரீரென்று ஏறும், பிள்ளை கத்தும், அம்மா அடம் என்று நினைத்து ஒரு அடி வைப்பாள். பிள்ளைக்காம்பராவில் நாங்கள் தண்ணியை வெதுவெதுப்பாக்கிக் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் சில பிள்ளைகள் அடம்பிடிக்கவில்லை, வலியில்தான் கத்தியிருக்கிறார்கள் என்று விளங்கியது.

ஜனவரி 15

இப்போது மனசு.

பிள்ளை பெற்ற முதல் சில நாள் அழுகை வருவதும் எரிச்சல் வருவதும் எல்லாருக்கும் உள்ளதுதான், பெரும்பாலும் ரெண்டு வாரத்துக்குள் தானாகப் போய்விடும். நான் சொல்வது போகாமல் தங்கிவிடுகிற சோர்வை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பிள்ளை பெற்ற பெண்களில் 100க்கு 13 பேர் அளவில் இப்படி ஏதோ ஒரு மனநலப் பிரச்சினையில் விழுகிறார்கள், பெரும்பாலும் மனச்சோர்வு. வளர்ந்துவரும் நாடுகளை மட்டும் எடுத்தால் அது 100க்கு 20 பேர் அளவுக்குப் போகிறது. அப்படியென்றால் ஐந்து அம்மாவுக்கு ஒருவர். பிள்ளைக்காம்பரா வாசலில் காலையில் வந்து நிற்கிற கூட்டத்தில் எத்தனை பேர் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆனால் யாரும் வந்து “எனக்கு மனசு சரியில்லை” என்று சொல்லமாட்டார்கள். தலைவலி என்பார்கள், நெஞ்சு அடைக்குது என்பார்கள், கை கால் ஓய்கிறது என்பார்கள். ஒரு அம்மாவை எனக்கு மறக்காது. பிள்ளையை மடியில் வைத்துத் தலைவாருகிறாள், சீப்பு ஒரே இடத்தில் மேலும் கீழும் போய்க்கொண்டேயிருக்கிறது, பிள்ளை நெளிகிறது, அவளுக்குத் தெரியவில்லை. கண் வாசலுக்கு வெளியே எங்கேயோ இருக்கிறது. நான் சீப்பைக் கையிலிருந்து எடுத்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பிள்ளைக்கு ரெண்டரை வயசிருக்கும், மேல்பல் நாலும் போயிருந்தது. பல் தேய்க்கிறாயா தங்கச்சி என்று கேட்டேன். “தேய்க்கணும்னு நினைக்கிறேன்க்கா, எழும்பத்தான் முடியல” என்றாள். பிரஷ் வாங்கித் தந்தாலும் பேஸ்ட் வாங்கித் தந்தாலும் அந்த “எழும்பத்தான் முடியல” அப்படியேதான் இருக்கும். முன்பள்ளிகளிலும் பிள்ளைக்காம்பராக்களிலும் வருஷா வருஷம் பிரஷ் பங்கிடுகிறார்கள், நல்ல காரியம். ஆனால் பிரஷைக் கையில் எடுக்கிற தெம்பு எங்கே இருந்து வரும் என்று கேட்கிறவர்கள் குறைவு.

ஜனவரி 16

பதுளைத் தம்பிக்கு. அந்தக் காலத்தில் பாட்டிமாருக்கு மனச்சோர்வும் இல்லை, சூத்தைப் பல்லும் இல்லை, கரியில் தேய்த்தே நூறு வயசு வாழ்ந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சூத்தைப் பல் இருந்தது தம்பி. பல்லில் பூச்சி இருக்கிறதென்று கண்டங்கத்திரி விதையைச் சுட்டு வாய்க்குப் புகை பிடித்தது எதற்கு? என் அப்பாயியே அதைச் செய்து பார்த்திருக்கிறேன், புகையில் கண் கலங்குவதற்கு மேலே ஒன்றும் நடக்கவில்லை, பூச்சி என்று ஒன்று பல்லுக்குள் கிடையவும் கிடையாது. சோர்வும் இருந்தது, அதற்குப் பேய் பிடித்தது, செய்வினை என்று பேர் வைத்து மந்திரிக்கக் கூட்டிப்போனார்கள். ஒன்று மட்டும் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சில்லறைக் காசுக்குப் பளபளவென்று பாக்கெட்டில் தொங்குகிற இனிப்பு அப்போது லயத்துக் கடையில் இல்லை.

கரியில் ஒரு குறை உண்டு, அதில் புளோரைட் இல்லை. அநுராதபுரம் பக்கம் கிணற்றுத் தண்ணியில் புளோரைட் கூடிப்போய் பல்லில் கறை விழுகிறது. நம் மலைநாட்டு ஊற்றுத் தண்ணியில் அது குறைவு. அதனால் நமக்குப் பேஸ்டில் வந்தால்தான் உண்டு.

ஜனவரி 19

இந்த இழையை மேலேயிருந்து படித்துப் பார்த்தேன். ஒரு பயம் வந்தது, அதைச் சொல்லிவிட வேண்டும்.

“அம்மா கவனிக்கவில்லை” என்று இதுவரை திட்டினோம். இனி “அம்மாவுக்கு மனநோய், அதனால்தான் பிள்ளைக்கு இப்படி” என்று திட்டுவதற்கு நான் எழுதியது பிடிமானம் ஆகிவிடக்கூடாது. அது முன்னதைவிடக் கொடுமை. சிரித்துப் பேசி, தைரியமாக இருந்து, பிள்ளையைக் கண்ணுக்குக் கண்ணாகப் பார்க்கிற அம்மாமாரின் பிள்ளைகளுக்கும் சூத்தைப் பல் உண்டு, நிறையவே உண்டு. உலகத்தில் 51 கோடிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பால் பல்லில் சூத்தை இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை சொல்கிறது. அத்தனை பிள்ளைகளின் அம்மாவுக்கும் மனச்சோர்வா? இல்லை. சீனி மலிவு, பல் டொக்டர் தூரம், கையில் காசு இல்லை, பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை. இவை எல்லாம் பல்லையும் கெடுக்கும், அம்மாவின் மனசையும் கெடுக்கும். ஒரே வேரிலிருந்து ரெண்டும் வருவதால் எது எதற்குக் காரணம் என்று பிரித்துச் சொல்வது எளிதில்லை.

பல நாடுகளில் இந்த ரெண்டையும் சேர்த்துப் பார்த்த ஆய்வுகள் உண்டு. சிலவற்றில் தொடர்பு பலமாகத் தெரிகிறது, வருமானத்தையும் படிப்பையும் கணக்கில் எடுத்ததும் சிலவற்றில் மெலிந்துவிடுகிறது. எனக்குப் புரிந்த வரையில் அம்மாவின் சோர்வு நேராகப் போய்ப் பல்லைத் தின்பதில்லை. இரவுப் போத்தல், தேய்க்காமல் போன காலைகள், அழுகையை அடக்கக் கொடுக்கிற இனிப்பு, தவறிப்போன கிளினிக் நாள், இந்த நாலு வழியாகத்தான் போகிறது. நாலும் அடைக்கக்கூடிய வழிகள். இந்த விஷயத்தில் எனக்கு நம்பிக்கை இருப்பது அதனால்தான்.

ஜனவரி 19, உடனே இன்னொன்று

எதிர்ப்பக்கமும் உண்டு. பல்வலி வந்த பிள்ளை இரவில் தூங்காது, அம்மாவும் தூங்கமாட்டாள். தூக்கம் கெட்டுப்போன அம்மாவின் சோர்வு இன்னும் ஆழமாகும். பிள்ளையின் பல்லைச் சரிப்படுத்தியதும் அம்மாவின் முகம் தெளிந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எதை முதலில் பிடித்தாலும் மற்றதற்கும் உதவும்.

ஜனவரி 22

மஸ்கெலியா அக்கா “உங்களுக்கு இது எப்படி இவ்வளவு தெரியும்?” என்று கேட்டிருக்கிறார். சொல்கிறேன்.

என் இளையவன் ஆடி மாதத்துப் பெருமழையில் பிறந்தான். புருஷன் கொழும்பில் கடை வேலை, மாதம் ஒருதரம் வருவார். மழை விடாமல் அடிக்கிறது, துணி காயவில்லை, கூரைத் தகரம் ஒழுகுகிறது, பிள்ளை அழுகிறது. நான் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். பசி இல்லை, பிள்ளையைப் பார்த்தால் பாசம் வர வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. அது எனக்கே பயமாக இருந்தது, யாரிடமும் வாய் திறக்கவில்லை. மாமி கொழுப்பு என்றார். பேறுகால லீவு 12 வாரம் முடிந்து வேலைக்குப் போனேன். அடுத்தவர் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை எனக்கு, என் பிள்ளையும் அதே காம்பராவில் ஒரு தொட்டிலில், ஆனால் எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கிற மாதிரி.

ஒரு கிளினிக்கில் பிள்ளையின் நிறை குறைந்திருக்கிறதென்று வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் என்னைத் திட்டினார்கள். அதற்குப் பிறகு அடுத்த ரெண்டு கிளினிக்குக்கு நான் போகவில்லை. திட்டு வாங்கிய அம்மா திரும்பி வரமாட்டாள், இதைச் சுகாதாரத் துறையில் இருக்கிற யாராவது படித்தால் தயவுசெய்து மனதில் வையுங்கள். அவள் வராமல் போகிற அந்த மாதங்களில்தான் வெள்ளைக் கோடு மண்ணிறமாகிறது.

தூக்கிவிட்டது ரெண்டு பேர். ஒருவர் மிட்வைஃப் மிஸ், வீடு வீடாக வந்து தாயையும் பிள்ளையையும் பார்க்கிற அரசாங்க மருத்துவிச்சி. சிங்களப் பெண், தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். வீட்டுக்கே வந்து கதவோரம் உட்கார்ந்து, பிள்ளையைப் பற்றி ஒன்றும் கேட்காமல் “நீங்க தூங்குறதா?” என்று கேட்டார். அவ்வளவுதான், அழுதுவிட்டேன். அவர் எழுதிக் கொடுத்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் போய் டொக்டரைப் பார்த்தேன், மருந்து எடுத்தேன், மெல்ல மெல்லத் தெளிந்தது. இன்னொருவர் பணிய லயத்து, அதாவது கீழ் வரிசை வீட்டு மதினி. காலையில் தன் பிள்ளைகளைப் பீலிக்குக் கூட்டிப்போகும்போது என் மூத்தவளையும் கூட்டிப்போய்ப் பல் தேய்த்து முகம் கழுவி அனுப்புவார். யாரும் கேட்டுச் செய்ததில்லை. மூத்தவள் பல் இன்றைக்கும் நன்றாக இருக்கிறதென்றால் அது மதினியின் கை. இளையவனுக்கு மேல்பல் ரெண்டு போய்விட்டது, கைப்பிள்ளையைப் பீலிக்குத் தூக்கிப்போக ஆள் இல்லை.

ஜனவரி 25

மஸ்கெலியா அக்கா, ஒரு வயசுப் பிள்ளையின் இரவுப் போத்தலை எப்படி நிறுத்துவது என்றும் கேட்டிருந்தீர்கள். ஒரேயடியாகப் பிடுங்காதீர்கள், உங்களுக்கும் தூக்கம் போகும், பிள்ளைக்கும் போகும். முதலில் சீனியை நிறுத்துங்கள், ஒவ்வொரு நாளும் கொஞ்சம் குறைத்தால் பிள்ளைக்குத் தெரியாது. பிறகு பாலில் தண்ணியைக் கூட்டிக்கொண்டே வந்து கடைசியில் வெறும் கொதித்தாறிய தண்ணியில் நிறுத்துங்கள். இரவில் மட்டும் இந்தத் தண்ணி சேர்ப்பது, பகலில் பாலைக் குறைக்க வேண்டாம். தண்ணிப் போத்தலில் பிள்ளைக்குச் சுவாரசியம் போய்விடும். பகலில் கோப்பையில் குடிக்கப் பழக்குங்கள். தாய்ப்பாலைப் பயந்து நிறுத்தவேண்டாம், முளைத்த பல்லைத் துடைத்துவிட்டால் போதும்.

முதல் பல் ஆறு மாதத்தையொட்டி எட்டிப்பார்க்கும், அன்றைக்கே தேய்க்க ஆரம்பிக்கலாம். மூன்று வயசு வரைக்கும் அரிசிமணி அளவு பேஸ்ட், பிறகு பட்டாணி அளவு. தேய்த்ததும் துப்பச் சொல்லுங்கள், ஆனால் தண்ணி விட்டுக் கொப்பளிக்கத் தேவையில்லை, அந்தக் கொஞ்சப் புளோரைட் பல்லில் தங்கட்டும். ஒரு நாளில் ஒருதரம்தான் முடியுமென்றால் இரவுத் தேய்ப்பை வைத்துக்கொள்ளுங்கள். ஏழு, எட்டு வயசு வரைக்கும் பெரியவர் கை வேண்டும், பிள்ளை தானே தேய்ப்பது விளையாட்டுத்தான்.

பால் பல் எப்படியும் விழுகிறதுதானே என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். முன்பல் ஆறு, ஏழு வயசில் விழும், பின்பக்கத்துப் பால் கடைவாய்ப்பல் பத்து, பன்னிரண்டு வயசு வரைக்கும் நிற்க வேண்டும். அதைக் கொண்டுதான் பிள்ளை சோறு மெல்லும். வீங்கிச் சீழ் வைத்தால் காய்ச்சல் வரும். முகம் வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் பனடோல் கொடுத்துக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

ஜனவரி 26

பல்லுக்கு அவ்வளவு எழுதிவிட்டு அம்மாவுக்கு ஒன்றும் எழுதாமல் விட்டால் இந்த இழையே வீண்.

பிள்ளை பெற்ற அம்மாவிடம் கேட்கவென்று பத்துக் கேள்வி உள்ள ஒரு தாள் இருக்கிறது. எடின்பரோ அளவுகோல் என்பார்கள், 1987ல் ஸ்கொட்லாந்தில் வந்தது, நம் நாட்டிலும் மிட்வைஃப் மிஸ்மார் பயன்படுத்துகிறார்கள். கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பயம் வந்ததா, தூக்கம் கெட்டுப்போகிற அளவுக்குக் கவலை வந்ததா, இப்படிப் போகும். கடைசிக் கேள்வி, தனக்கே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. பலர் மாமியோ புருஷனோ பக்கத்தில் நிற்கும்போது எல்லாவற்றுக்கும் “இல்லை மிஸ்” என்று சொல்லிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன், மிஸ் என்னிடம் தனியாகக் கேட்டதால் தப்பித்தேன். அதனால் வீட்டில் இருக்கிற ஆம்பளைகள், பெரியவர்கள் செய்யக்கூடிய முதல் உதவி, மிஸ் வரும்போது கொஞ்சம் வெளியே போவதுதான். தமிழ் பேசுகிற மிட்வைஃப்மார் போதவில்லை என்பது தோட்டங்களில் பழைய குறை, அதை விடாமல் கேட்டுக்கொண்டேயிருக்க வேண்டும். இந்தக் கேள்விகளை அரைகுறை மொழியில் கேட்டால் அரைகுறைப் பதில்தான் வரும். எனக்கு வந்த மிஸ்ஸின் மனசு மொழியைத் தாண்டியது, எல்லாருக்கும் அப்படி அமையாது.

மருந்து எடுத்தால் பால் கொடுக்க முடியாதென்று பயப்படுகிறவர்களுக்கு: பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன, பால் கொடுக்கிறேன் என்று டொக்டரிடம் சொன்னால் பார்த்து எழுதுவார். எல்லாருக்கும் மருந்து வேண்டும் என்பதும் இல்லை. பாகிஸ்தானில் ராவல்பிண்டிப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு சோதனை செய்தார்கள், 2008ல் லான்செட் சஞ்சிகையில் வந்தது. டொக்டர் இல்லை, நம் மிட்வைஃப் மிஸ்மாரைப் போல வீடு வீடாகப் போகிற சுகாதாரப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, மனச்சோர்வில் இருந்த கர்ப்பிணிகளோடு பிள்ளை பிறந்த பிறகும் தொடர்ந்து பேச வைத்தார்கள். பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனபோது, அப்படிப் பேசிய ஊர்களில் 100க்கு 23 பேர்தான் இன்னும் சோர்வில் இருந்தார்கள், அந்தப் பயிற்சி இல்லாத பெண்கள் சும்மா வந்து போன ஊர்களில் 53 பேர். மலைநாட்டில் இது ஏன் முடியாது? வீடு தேடி வருகிற மிஸ் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறார், பிள்ளைக்காம்பராவில் தினமும் அம்மாவின் முகத்தைப் பார்க்கிற ஆள் இருக்கிறார். அந்தப் பேச்சிலேயே இரவுப் போத்தலையும் பல் தேய்ப்பதையும் சேர்த்துவிடலாமே என்பதுதான் என் கோரிக்கை.

உடனே பேச ஆள் வேண்டுமென்றால் 1926க்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். தனக்கோ பிள்ளைக்கோ ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் வந்தால், வேறு யாருக்கும் கேட்காத குரல் காதில் கேட்டால், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும்.

பெப்ரவரி 2

விட்டுப்போன சில.

எல்லாச் சோர்வும் மனசில் இருந்து வருவதில்லை. இரத்தம் குறைந்தாலும் எழும்ப முடியாது, தைரொய்ட் கெட்டாலும் முடியாது, பார்த்தால் மனச்சோர்வு போலவே இருக்கும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிப்பது நம் பழக்கம், அது சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். இரத்தத்தையும் ஒருதரம் சோதித்துக்கொள்ளுங்கள்.

அம்மா சவூதி, குவைத் என்று போய்விட்ட வீடுகளைப் பற்றி இராகலையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார். அங்கே அம்மாயி அல்லது அப்பாயிதான் அம்மா. மகள் தூரத்தில் இருக்கிற கவலை, உடம்பு வலி, பிள்ளை ஏங்கிவிடக்கூடாதே என்று கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுப்பது. பாட்டிமாரின் மனசையும் யாராவது கேட்க வேண்டும். நான் அதிகம் அம்மா அம்மா என்றே எழுதிவிட்டேன். பிள்ளையைப் பார்க்கிறவர் யாரோ அவருடைய மனசு என்று படித்துக்கொள்ளுங்கள்.

இருமல் சிரப்பிலும் சீனி உண்டு, இரவில் சிரப் கொடுத்தால் கொஞ்சம் தண்ணி குடிக்க வையுங்கள். கிளினிக்கில் தருகிற திரிபோஷ சத்துமாவில் சீனி கொட்டிப் பிசைந்து உருட்டிக் கையில் கொடுத்துவிட்டு நாள் முழுக்கத் தின்னவிடாதீர்கள். நேரத்துக்குக் கொடுத்து முடியுங்கள்.

பெப்ரவரி 9

கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்து எழுதியிருக்கிறார். அவருடைய மனைவி வகுப்பில் ஒரு பிள்ளையின் அம்மாவோடு பல்லைப் பற்றிப் பேசாமல் தூக்கத்தைப் பற்றிப் பேசினாராம், அந்த அம்மா அரைமணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனாராம். சந்தோஷம். மிட்வைஃப் மிஸ்ஸுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவைக்கச் சொல்லுங்கள், அந்த அம்மாவிடம் கேட்டுக்கொண்டு.

“ஆம்பளை நான் என்ன செய்வது?” என்ற உங்கள் கேள்விக்கு: உங்கள் வீட்டிலும் மூன்று வயசுப் பிள்ளை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இரவுத் தேய்ப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் முன்னால் நின்று தேய்க்காதீர்கள், வாய் தெரியாது. கட்டிலில் உட்கார்ந்து பிள்ளையின் தலையை உங்கள் மடியில் சாய்த்து, ஒரு கை விரலால் உதட்டைத் தூக்கிக்கொண்டு, மேல் முன்பல்லில் ஈறை ஒட்டித் தொடங்குங்கள். போன் வெளிச்சம் போதும். தண்ணி வெதுவெதுப்பாக இருக்கட்டும். பேஸ்ட் வாங்கும்போது டியூபின் பின்பக்கத்தில் புளோரைட் 1000 ppm என்று போட்டிருக்கிறதா பாருங்கள், அது புளோரைட்டின் அளவு. வெள்ளைக் கோடு தெரிந்தால் கிளினிக்குக்கு நீங்களே கூட்டிப்போங்கள், அரசாங்க ஆஸ்பத்திரியில் பல் பார்ப்பதற்குக் காசு இல்லை. கோடு இருந்ததா இல்லையா என்று வந்து எழுதுங்கள் தம்பி.